அணைக்காட்டைச் சுற்றி மலையேற்றம்: கரையை விட்டுவிட்டு முகட்டிலிருந்து திட்டம் போட்ட கதை

காட்டுக்கு நடுவே ஒரு நீர்த்தேக்கம், அதைச் சுற்றி மலை. வரைபடத்தில் பார்த்தால் இதைவிடச் சுலபமான இடமே கிடையாது என்று தோன்றும். வழி தவறினால் தண்ணீரைப் பார்த்து இறங்கிவிடலாம், கரையோரமாகவே நடந்து புறப்பட்ட இடத்துக்கு வந்துவிடலாம் என்று பலரும் சொல்வார்கள், என்னிடமும் சொன்னார்கள். நான் போட்ட திட்டம் எல்லாம் இதற்கு நேரெதிர். முகட்டுப் பாதையை முதலில் முடிவு செய்துவிட்டு, தண்ணீர்ப் பக்கம் எங்கே இறங்கினால் போதும் என்பதைக் கடைசியில்தான் பார்த்தேன்.

காரணம் கரையின் வடிவம். அணை என்பது ஒரு பள்ளத்தாக்கை அடைத்து நிரப்பியது, ஆகவே அந்தப் பள்ளத்தாக்கில் வந்து சேர்ந்த ஒவ்வோர் ஓடைக்குள்ளும் தண்ணீர் ஏறி நிற்கும், கரை விரித்த கைவிரல்கள் மாதிரி உள்ளே உள்ளே போகும். எதிர்க்கரை கூப்பிடு தூரத்தில்தான் தெரியும். ஆனால் அங்கே போக வேண்டுமென்றால் ஓடை வந்து சேரும் முனைவரைக்கும் உள்ளே நடந்து, ஓடையைத் தாண்டி, மறுபடி அவ்வளவு தூரம் வெளியே வர வேண்டும். ஐம்பதாயிரத்துக்கு ஒன்று அளவுள்ள வரைபடத்தில் 2 செ.மீ. என்றால் தரையில் 1 கி.மீ., இதை வைத்துக்கொண்டு நூலைக் கரைக்கோட்டின் மேல் வளைத்து வளைத்து அளந்தேன். நேராக அரை கிலோமீட்டர்கூட இல்லாத ஓர் இடத்துக்குக் கரைவழியாக ஐந்து கிலோமீட்டருக்கு மேல் வந்தது.

அதுவும் அந்தக் கோடு உண்மையாக இருந்தால்தான். வரைபடத்தில் நீலமாகப் போட்டிருப்பது பெரும்பாலும் அணை நிறைந்திருக்கும்போது உள்ள கரை. நீர்மட்டம் 10 மீட்டர் இறங்கினால், இருபதுக்கு ஒன்று என்று மெதுவாகச் சரியும் கரையில் 200 மீட்டர் அகலத்துக்குத் தரை வெளியே வந்துவிடும். அது நடக்கிற தரையா என்றால் இல்லை. மேலே வெயிலில் காய்ந்து வெடித்த ஓடு, கால் வைத்தால் உள்ளே முழங்கால் வரை சேறு, நடுநடுவே மூழ்கிச் செத்த மரங்களின் அடிக்கட்டைகள். அதனால் நான் செய்த முதல் வேலை, அன்றைய நீர்மட்டம் என்ன என்று தேடிப் பார்த்ததுதான். நிறைய அணைகளுக்கு இதைத் தினமும் வெளியிடுகிறார்கள். ஒரே ஒரு விஷயம், அந்த எண் கடல்மட்டத்திலிருந்தா, அணையின் அடியிலிருந்தா என்று பார்த்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் வரைபடத்தின் உயரத்தோடு பொருந்தாது.

செயலிகளில் வரும் சமவுயரக் கோடுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பல செயலிகளின் உயரக் கணக்குக்கு அடிப்படை, 2000 பிப்ரவரியில் எண்டவர் விண்கலத்திலிருந்து ரேடார் வைத்து எடுத்த அளவீடு. அடர்ந்த காட்டில் அந்த ரேடார் தரை வரைக்கும் முழுசாக இறங்காது, மர உச்சியின் உயரமும் கொஞ்சம் சேர்ந்துவிடும். காடு முடிந்து புல்வெளி ஆரம்பிக்கிற இடத்தில் இல்லாத ஒரு மேடு தெரிகிறதென்றால் பாதி நேரம் சங்கதி இதுதான். அதற்குப் பிறகு கட்டிய அணை என்றால் இன்னும் வேடிக்கை, தண்ணீருக்கு அடியில் பழைய பள்ளத்தாக்கின் கோடுகள் அப்படியே ஓடும். சிறு பாறைச் செங்குத்துகளோ இந்தக் கோடுகளில் காணாமலே போய்விடும். ஆகவே பழைய நில அளவை வரைபடம், செயலி, செயற்கைக்கோள் படம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் ஒவ்வொரு முகட்டையும் பார்த்தேன். கோடுகள் நெருக்கமாக ஒட்டி நிற்கும் சரிவுகளை முதலிலேயே சிவப்பில் அடித்துவிட்டேன்.

அனுமதி வாங்கியது தனிக் கதை. காடு ஒரு துறை, அணையும் அதன் ஓரமும் வேறொரு துறை. இவரைக் கேட்டால் அவரைப் பாருங்கள் என்பார், அவரைக் கேட்டால் முதலில் இங்கே கையெழுத்து வாங்கி வாருங்கள் என்பார். இப்படி அலைந்த பிறகு பிடிபட்டது ஒன்று: வாயால் விளக்கினால் யாருக்கும் பொறுப்பெடுக்க மனம் வராது. எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதினேன், யார் யார் வருகிறோம், எங்கே நுழைவோம், எந்த முகடு, எங்கே எத்தனை மணிக்கு வெளியே வருவோம், நடுவில் அவசரம் என்றால் இறங்கும் வழி எது. கூடவே கையால் வரைந்த படம். அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான் பேச்சே வேறு மாதிரி ஆனது.

காவல் முகாமில் இருந்த வனக்காவலர் நான் பெருமையாக வரைந்த உயரக் கோடுகளைக் கண்டுகொள்ளவே இல்லை. “எந்த ஓடையில தண்ணி பிடிப்பீங்க?” என்று கேட்டார். காட்டினேன். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, அதற்குக் கீழே தண்ணீர் உள்ளே நுழைகிற இடத்தை மொத்தமாகக் கறுப்பாக்கினார். “தம்பி, தண்ணி இறங்கினா இங்க புதுப் புல்லு முளைக்கும். சாயங்காலம் அத்தனையும் மேய வரும். மூணு மணிக்கு மேல இந்தப் பக்கம் நிக்கக் கூடாது, ரெண்டு முகடு தள்ளி மேலயே போயிடுங்க.” எந்தச் செயலியிலும் இல்லாத தகவல் இது. அந்தக் கறுப்புத் தீற்றலை வைத்துத்தான் பிறகு எல்லா நேரத்தையும் கணக்குப் போட்டேன்.

நேரக் கணக்குக்கு நான் பயன்படுத்தியது பழைய சூத்திரம். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் சொன்னது. இன்றைய அளவில் 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறுகிற ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். 12 கி.மீ. தூரம், 900 மீட்டர் ஏற்றம் என்றால் நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஆனால் அது திறந்த வெளியில் நல்ல பாதையில் நடக்கிறவருக்கு. விழுந்த மரம், முள், வேர், ஈர இலை என்று இருக்கும் காட்டில் நான் ஒன்றரை மடங்கு வைப்பேன், கிட்டத்தட்ட ஆறு மணி நேரம், உட்கார்ந்து எழ ஒரு மணி நேரம், ஆக ஏழு. காலை ஆறரைக்குப் புறப்பட்டால் ஒன்றரைக்கு முடியும், மூன்று மணிக்கு முன்னால் கையில் ஒன்றரை மணி நேரம் மிச்சம். இந்த மிச்சம் இல்லாத வழியை எல்லாம், எவ்வளவு அழகான காட்சி என்றாலும், பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டேன். திரும்பும் நேரத்தையும் எழுதிக்கொண்டேன்: பதினொன்றரைக்கு உச்சியில் இல்லையா, இருக்கிற இடத்திலிருந்து திரும்பு. உச்சி கண்ணுக்குத் தெரியும்போது கூட்டத்தில் ஒருவருக்காவது இன்னும் பத்து நிமிஷம் என்று வாய் வரும், தாளில் இருந்தால் வாதாட வேண்டியதில்லை.

மற்றதெல்லாம் சுருக்கமாக. தெளிவான, காற்றில்லாத இரவுக்குப் பிறகு காலையில் தண்ணீரின் மேல் மூடுபனி தேங்கி நிற்கும், கீழிருந்து முகடு தெரியாது, ஆகவே முதல் ஒரு மணி நேரம் குழப்பமில்லாத பாதையாக இருக்கட்டும். உயரம் 1000 மீட்டர் கூடினால் வெப்பம் சராசரியாக ஆறு, ஆறரை டிகிரி குறையும், ஒரு மேல்சட்டை போதும். அணைத் தண்ணீர் பச்சைப் படலம் கட்டியிருந்தால் தொடவே வேண்டாம், சில நீலப்பச்சைப் பாசிகளின் நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது. மேலே ஓடுகிற சிறு ஓடையில் பிடித்துக் கொதிக்க வைப்பது மேல். அணைக்குக் கீழே ஆற்றுப்படுகையைக் குறுக்கு வழியாக நினைக்கவே கூடாது, மின் உற்பத்திக்குத் திறந்தால் மேகமே இல்லாத நாளிலும் தண்ணீர் ஏறும்.

கடைசியாக அந்த ஒரே தாளின் இன்னொரு படி. நம்பகமான ஒருவரிடம் கொடுத்துவிட்டுத்தான் கிளம்புவேன். ஒன்றரைக்கு இறங்கிவிடுவோம் என்றால் அதில் ஐந்து என்று எழுதியிருப்பேன், சிக்னல் கிடைக்கத் தாமதமானால் வீணாக யாரும் பதறக் கூடாதே. ஐந்தைத் தாண்டினால் யாருக்கு முதலில் போன் செய்வது, அவரிடம் எந்த நுழைவாயிலைச் சொல்வது என்பது அதற்குக் கீழேயே பெரிய எழுத்தில் இருக்கும்.