அய்யனாருக்குத் திரை போட்ட பிறகு

மூன்றாவது குடம் மஞ்சள் தண்ணீரையும் ஊற்றியாயிற்று. கிடா அசையவில்லை. மூக்கோரம் வழிந்த நீரை நக்கிப் பார்த்துவிட்டு, கழுத்தில் கிடந்த சாமந்தி மாலையின் நுனியைத் தின்னத் தொடங்கியது. சுற்றி நின்ற பங்காளிகள் நாற்பது பேரும் மூச்சுவிடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். கிடா உடம்பைச் சிலிர்த்துத் தலையை உதறினால்தான் வீரன் உத்தரவு கொடுத்ததாகக் கணக்கு.

"யாரோ மனதில் குறையை வைத்துக்கொண்டு நிற்கிறார்கள்" என்றார் அத்தை, என்னைப் பார்க்காமலே. என்னைத்தான் சொன்னார். கிடாவுக்குப் பதில் பூசணிக்காய் உடைத்தால் என்ன என்று பங்காளிகள் கூட்டத்தில் கேட்டுத் தொலைத்தவன் நான்.

ஆடி கடைசி வெள்ளி. குத்தாலத்துக்குத் தெற்கே, வீரசோழன் ஆற்றங்கரையில் எங்கள் குலதெய்வம் கோயில். கோயில் என்று பெயர்தானே தவிர, ஒரு நாவல் மரம், இரண்டு மண்குதிரைகள், ஓட்டுக் கூரைக்குள் பூரணை புஷ்கலையோடு அய்யனார், அவருக்கு எதிரே வெட்டவெளியில் மதுரைவீரன். அய்யனார் சைவம். வீரன் அப்படி இல்லை. அதனால் கிடா வெட்டும் நேரத்தில் அய்யனார் சந்நிதிக்குத் திரை போட்டுவிடுவார்கள். காவி வேட்டி ஒன்று, இரண்டு ஆணிகள், அவ்வளவுதான் திரை.

மரத்தடியில் என் நண்பர் உட்கார்ந்திருந்தார். பொறையாற்றுக்காரர், லுத்தரன் சபைக் கிறிஸ்தவர். ஒரே பள்ளியில் இருபத்தாறு வருடங்கள் அவர் வேதியியலும் நான் தமிழும் நடத்தினோம். இன்றும் அவரை நான் 'சார்' என்றுதான் கூப்பிடுகிறேன், அவரும் என்னை அப்படியே. முந்தின நாள் தஞ்சாவூரில் அவர் மகள் வீட்டிலிருந்து அவரை அழைத்துக்கொண்டு வந்தேன். வழியில் பசுபதிகோயிலில் இறங்கி, புள்ளமங்கை ஆலந்துறைநாதர் கோயிலைப் பார்த்தோம். முற்காலச் சோழர் கட்டிய கோயில், சம்பந்தர் பாடிய தலம். அங்கே வடபுறச் சுவர் மாடத்தில் எருமைத் தலைமேல் துர்க்கை நிற்கிறாள். அவள் காலடியில் மண்டியிட்டிருக்கும் வீரர்களைப் பலர் கவனிப்பதில்லை. ஒருவர் தன் தலையையே அரியப் போகிறார், மற்றவர் தன் உடம்பைக் கீறிக் குருதி கொடுக்கிறார். ஆயிரம் ஆண்டு மழையில் முகம் மழுங்கியிருந்தாலும் அந்தக் கை தயங்குவதாகத் தெரியவில்லை. சார் வெகுநேரம் அதன் முன்னால் நின்றுவிட்டு, "ஆட்டை நிறுத்திவிட்டுத் தன்னையே கொடுக்கிறான், பாருங்கள்" என்றார். திருமுருகாற்றுப்படையில் கிடாயின் குருதியோடு பிசைந்த வெள்ளரிசியைப் பலியாக இடும் காட்சி வருவதை அவருக்குச் சொன்னேன். முருகனுக்குப் பாலும் பன்னீரும் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் அந்தப் பகுதியை ஒருமுறை புரட்டலாம்.

கிடா சிலிர்த்தது. நான்காவது குடத்துக்கு ஆள் போனபோது, யாரும் எதிர்பாராமல் காதிலிருந்து வால்வரை ஒரே உதறல். குலவை எழுந்தது. திரை விழுந்தது. நான் வழக்கம்போல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். இந்த வயதிலும் அதைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. கறியைத் தின்ன மட்டும் துணிவு இருக்கிறது. இதை மறைப்பதற்கில்லை.

திரும்பியபோது பூசாரி கையில் மண்சட்டி இருந்தது. நுரையோடு பளீரென்று இருந்த சிவப்பு, நான் பார்த்துக்கொண்டிருந்த சில நிமிடங்களிலேயே கருத்து, இறுகி, சட்டியின் ஓரத்தில் ஆடை கட்டியது. தாத்தா காலத்துப் பூசாரி அருள் வந்து சட்டியோடு குடிப்பாராம். இப்போதுள்ளவர் சர்க்கரை நோயாளி, விரலால் தொட்டு நெற்றியில் வைத்துக்கொள்வதோடு சரி. மிச்சத்தைச் சோற்றில் பிசைந்து, இருட்டியதும் ஊர் எல்லையில் நின்று ஆகாயத்தில் எறிவார்கள். எறிந்த சோறு கீழே விழாது என்பது ஊர் நம்பிக்கை. எல்லைக்கு வெளியே அலைபவை அதை வாங்கிக்கொண்டு உள்ளே வராமல் போய்விடும். ஒருவகையில் அது காவல் கூலிதான். உயிர் இரத்தத்தில் இருக்கிறது, அதைக் கொடுத்தால் ஊரின் உயிர் மிஞ்சும்.

2003ஆம் ஆண்டு, அரசு 1950ஆம் வருடத்துச் சட்டத்தைத் தூசி தட்டி எடுத்து உயிர்ப்பலியைத் தடுத்தபோது, அதையடுத்து வந்த படையலில் நாங்களும் பூசணிக்காயில் குங்குமத்தை அடைத்து உடைத்துவிட்டு வந்தோம். அடுத்த வருடம் மேட்டூர் ஜூனில் திறக்கவில்லை, குறுவை இல்லை. அத்தைக்கு அது போதும். 2002இல் கிடா வெட்டியும் மறு ஜூனில் தண்ணீர் வரவில்லையே என்று கேட்டால் அவருக்குக் காது கேட்காது. 2004இல் சட்டத்தையே விலக்கிக்கொண்டார்கள். கிடா திரும்பி வந்தது.

ஆலத்தித் தட்டை எடுத்து வந்த பெண்ணை சார் நிறுத்தி உள்ளே எட்டிப் பார்த்தார். மஞ்சள் கரைத்த நீரில் ஒரு துளி சுண்ணாம்பு, உடனே செக்கச் சிவப்பு. "காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைத்தான் செய்து காட்டுவேன். ஆனால் எதற்காக இதைச் சிவக்க வைக்கிறார்கள் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை" என்றார். மணமக்களுக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் சுற்றுகிற அந்தத் தட்டும், திருஷ்டிக்கு வாசலில் குங்குமம் தடவி வைக்கிற எலுமிச்சைத் துண்டும், எல்லாமே இந்த மண்சட்டிக்கு மாற்றாக வந்தவை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பந்தி போட்டார்கள். சமைத்ததை அங்கேயே தின்று தீர்க்க வேண்டும், வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது. சார் சிரித்தார். "எங்கள் வேதத்தில் பஸ்கா ஆட்டுக்கும் இதே சட்டம். வீட்டைவிட்டு வெளியே கறியைக் கொண்டுபோகக் கூடாது, விடியும்வரை மீதி வைக்கக் கூடாது. இரத்தத்தை நிலைக்காலில் பூச வேண்டும், சாவு அந்த வாசலைத் தாண்டிப் போய்விடும்." அத்தைக்கு அவர்மேல் மதிப்பு கூடியது. ஆனால் இலையில் கறி வைக்க வந்தபோது சார் கையைக் குறுக்கே வைத்து, "அம்மா, படைத்ததை நாங்கள் சாப்பிடுவதில்லை. தவறாக நினைக்காதீர்கள்" என்றார். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. தயிரை இலை நிறைய ஊற்றினார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு பஸ் ஏறினேன். சார் நிறுத்தத்திலேயே காத்திருந்தார். நகர வாயிலைக் கடந்து ராஜ வீதியில் நடந்தால், கடல் கண்ணில் படுவதற்கு முன்பே புதிய எருசலேம் ஆலயம் வந்துவிடுகிறது. 1718இல் கட்டியது. 1706 ஜூலையில் வந்து இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு, பீடத்துக்கு முன்னால் அடக்கமாகியிருக்கிறார். அவர் 1719 பிப்ரவரியில் இறந்தபோது வயது 36. புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டவர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அவர் இன்னொரு வகையில் வேண்டியவர். நம் தெய்வங்களையெல்லாம் கேட்டறிந்து 1713இல் ஒரு நூல் எழுதினார். அதில் அய்யனார், மாரியம்மன், பிடாரி, அங்காளம்மன் எல்லோரும் இருக்கிறார்கள், எந்தச் சாமிக்கு என்ன படையல் என்பதுகூட இருக்கிறது. ஜெர்மனியில் ஹாலே நகரத்திலிருந்த மிஷன் பெரியவர்கள், அஞ்ஞானத்தை வேரறுக்க அனுப்பினால் அதை ஐரோப்பாவில் பரப்பப் பார்க்கிறாயா என்று சொல்லி அச்சிடவில்லை. 1867இல்தான் அது சென்னையில் அச்சேறியது. கிடா வெட்டைப் பேய்க்கூத்து என்று நினைத்தவர்தான் அவரும். ஆனாலும் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொண்டாரே.

அன்று அப்பமும் திராட்சரசமும் கொடுக்கிற திருவிருந்து இருந்தது. நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். "இந்தப் பாத்திரம் உங்களுக்காகச் சிந்தப்படுகிற என்னுடைய இரத்தத்தினாலாகிய புதிய உடன்படிக்கையாயிருக்கிறது" என்று போதகர் சொன்னபோது, வெள்ளிக்கிழமை மண்சட்டி என் கண்முன் வந்தது. ஜனங்கள் வரிசையாகப் போய் முழந்தாளிட்டார்கள். ஒவ்வொருவர் வாய் வைத்த பிறகும் கிண்ணத்தின் விளிம்பை ஒரு வெள்ளைத் துணியால் துடைத்து, சற்றே திருப்பி, அடுத்தவருக்குக் கொடுத்தார். பத்துப் பதினைந்து பேருக்குப் பிறகு துணியில் வெளிர்சிவப்பாக ஒரு கறை படர்ந்தது. அங்கே பூசாரி மட்டும் தொட்டது, இங்கே கூன் விழுந்த கிழவி முதல் திடப்படுத்தல் சடங்கு முடிந்து புதிதாகத் திருவிருந்தில் சேர்ந்த சிறுவன்வரை எல்லோர் வாய்க்கும் போயிற்று.

ஆராதனை முடிந்து கடற்கரைக்கு நடந்தோம். அலை தின்றது போக மீந்து நிற்கும் மாசிலாமணிநாதர் கோயில் பக்கம் உட்கார்ந்துகொண்டு கேட்டேன். "இரத்தம் புசிக்கக் கூடாது என்பது உங்கள் வேதத்தில்தானே இருக்கிறது? உயிர் இரத்தத்தில் இருப்பதால் அது கடவுளுக்கு மட்டும் என்று?"

"ஆமாம், லேவியராகமம். அதனால்தான், என் இரத்தத்தைப் பானம்பண்ணுங்கள் என்று இயேசு சொன்னபோது, இது கடினமான உபதேசம் என்று சீஷர்களிலேயே பலர் போய்விட்டார்கள்."

"இதையே கத்தோலிக்கர்கள் திருப்பலி என்று சொல்கிறார்களே?"

"சிலுவையில் நடந்த அதே பலி அங்கே முன்னிலையாகிறது என்பது அவர்கள் விளக்கம். நாங்கள் விருந்து என்கிறோம். பலி ஒரே தடவை, சாப்பாடுதான் திரும்பத் திரும்ப." கொஞ்ச நேரம் அலையைப் பார்த்தார். "சார், உங்கள் அய்யனார் திரை என் மனதிலேயே நிற்கிறது. இயேசு உயிர்விட்டபோது எருசலேம் ஆலயத்தின் திரைச்சீலை மேலிருந்து கீழாக இரண்டாகக் கிழிந்ததாக மத்தேயு எழுதுகிறார். இரத்தம் சிந்தும்போது நீங்கள் திரையைப் போடுகிறீர்கள். எங்களுக்கு அப்போதுதான் அது கிழிந்தது."

நான் பதில் சொல்லவில்லை. வீரனுக்கு நாம் கொடுக்கிறோம், அவர்களுக்குக் கடவுள் கொடுக்கிறார், போக்குவரத்தின் திசையே வேறு என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் புள்ளமங்கையில் மண்டியிட்டிருப்பவர் அந்தக் கணக்குக்குள் சரியாக அடங்கவில்லை. அவரும் ஆட்டை அனுப்பாமல் தானே வந்தவர்தானே.

வீடு திரும்பியதும் அத்தை கேட்டார்: "கோயிலில் உனக்கு என்ன கொடுத்தார்கள்?"

"எனக்குக் கொடுக்கவில்லை, அத்தை. நாம் அந்த வீட்டுப் பங்காளி இல்லையே."

அவருக்கு உடனே விளங்கிவிட்டது. "அந்த வாத்தியார் தம்பியும் நம் இலையில் கறி தொடவில்லை. சரியாகப் போயிற்று" என்றார். பிறகு என் பையைத் திறந்து பார்த்தார். "பொறையாற்றுக் கருவாடு வாங்கி வரச் சொன்னேனே, எங்கே?"

மறந்துவிட்டேன்.