துணைக்கு வந்த பிள்ளை

ஆத்தங்குடியில் தரையில் பதிக்கிற பூக்கல் செய்யும் ஒரு பட்டறையில் ஒன்பது வருடம் வேலை பார்த்தேன். எங்கள் கல்லுக்குச் சூளை கிடையாது. கண்ணாடித் துண்டின் மேல் சட்டம் வைத்து, அதற்குள் பூ அச்சை இறக்கி, அறை அறையாகக் கலரை ஊற்றுவோம். அச்சை ஆடாமல் தூக்குவதில்தான் வேலையே இருக்கிறது. கை கொஞ்சம் பிசகினாலும் சிவப்பு மஞ்சளுக்குள் ஓடிவிடும். பிறகு மேலே உலர்ந்த கலவை தூவி, சிமெண்டுக் காரை போட்டு, தண்ணீர்த் தொட்டியில் ஊறவைப்போம். காய்ந்ததும் கண்ணாடி கழன்று வரும். கல்லின் பளபளப்பு அந்தக் கண்ணாடி கொடுப்பது.

நான்காவது வருடம் எனக்கு முடக்குவாதம் வந்தது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்குகிற நோய். விடிகாலையில் விரல் மடங்காது, ரவிக்கைக் கொக்கி போட முடியாது. பதினொரு மணிக்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாக இளகும். மேஸ்திரி அண்ணன் என்னை மதியத்துக்கு மாற்றி, தாளில் பூ வரையும் வேலையைக் கொடுத்தார். அந்த மனசு எல்லாருக்கும் வராது.

மாற்றுத்திறனாளி சான்றுக்கு ஒரு முகாமுக்குப் போனோம். 2016 சட்டப்படி பல சலுகைகளுக்கு 40 சதவீதமாவது வேண்டும். என்னைக் கூப்பிட்டது மதியம் இரண்டரைக்கு. இளகிய கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, தேறாது என்றார்கள். காலை ஆறு மணிக்கு அந்தக் கையைப் பார்த்தவள் ஒருத்திதான். அவள் என் பக்கத்தில்தான் நின்றாள். உடன் வந்தவர் உறவுமுறை என்ற கட்டத்தில் 'தோழி' என்று எழுதியிருந்தோம்.

நோய் வருவதற்கு முன்பு, இரண்டு பெண்கள் ஏன் ஒரே வீட்டில் இருக்கிறார்கள் என்று தெருவில் பேச்சு இருந்தது. நோய் வந்ததும் அடங்கிவிட்டது. தினமும் ஸ்கூட்டியில் கொண்டுவந்து விடுகிறவள் எல்லோருக்கும் 'துணைக்கு வந்த பிள்ளை' ஆனாள். கல் வாங்க வந்த ஆச்சி ஒருவர், "ஒன்ன இப்புடிப் பாத்துக்கிற புள்ளைக்கு எப்பத்தான் கல்யாணம் பண்றதாம்?" என்று என்னிடமே கேட்டார். நல்ல மனதோடுதான் கேட்டார். முடியாத உடம்புக்குள் ஆசை இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அந்தத் திரைக்குப் பின்னால் நிம்மதியாக இருந்தோம். ஆனால் அவளை எல்லோரும் எனக்குப் பணிவிடை செய்கிறவளாக மட்டுமே பார்த்தது எனக்கு வலித்தது, மூட்டைவிட அதிகமாக.

2018 செப்டம்பர் 6 அன்று ஒருபால் உறவு குற்றமில்லை என்ற 377 தீர்ப்புச் செய்தி பட்டறையிலும் ஓடியது. யாரும் எங்கள் பக்கம் திரும்பவில்லை. தமிழக அரசு எங்களைப் போன்றவர்களைக் குறிக்கும் மரியாதையான சொற்களை 2022-இல் அரசிதழில் வெளியிட்டது. 'பால்புதுமையர்' என்பதை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தது அதற்கப்புறம்தான்.

அந்த வருடம்தான் பூ வரையும் நோட்டைப் பின்பக்கமாகத் திருப்பி எழுத ஆரம்பித்தேன். எழுதத் தோன்றுவது விடிகாலையில், அப்போதோ விரல் பேனாவைப் பிடிக்காது. அதனால் நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுவாள். வலியை, முகாமை, அச்சு தூக்க முடியாத கோபத்தை எல்லாம் அப்படியே எழுதினாள். அவளைப் பற்றிச் சொன்ன அன்று பேனா நின்றது.

"இதையுமா எழுதணும்?"

"எழுது."

பழக்கத்தில் 'தோழி' என்று எழுதினாள். அது இல்லை என்றேன். அதை அடித்துவிட்டு, நான் சொன்ன 'காதலி'யைத் தன் கையெழுத்தில் எழுதினாள். பிறகு நோட்டை மூடி வைத்துவிட்டு, என் ரவிக்கைக் கொக்கியைப் போட வந்தாள்.