தவிர்க்கச் சொன்ன நான்கு வரிகள்

“சேலத்துல எங்கம்மா பூகம்பம் வரப்போகுது?” என்று கேட்டார், ஏற்காட்டில் மூன்று மாடி விடுதி கட்ட, கட்டட வடிவமைப்பு கேட்டு எங்களிடம் வந்தவர். 1900 பிப்ரவரி 8 அன்று கோவைப் பக்கம் வந்த நிலநடுக்கத்தைச் சொன்னேன். சிரித்தார். நிலநடுக்கத்தைத் தாங்கும்படி கட்டுவதற்கான இந்திய விதிநூலான ஐஎஸ் 1893-இன் 2002 பதிப்பு, சேலத்தை மிதமான ஆபத்துள்ள 3ஆம் மண்டலத்தில் வைத்திருந்ததைச் சொன்னதும், “சரி, அப்ப பண்ணுங்க” என்றார்.

இடம் மலைச்சரிவு. மேட்டுப் பக்கப் பில்லர்கள் குட்டை, பள்ளத்துப் பக்கத்தில் நெட்டை. நிலம் ஆடினால் விறைப்பான குட்டைப் பில்லர்தான் அடியை அதிகம் வாங்கும். அதனால் டைம் ஹிஸ்டரி போட்டுப் பார்க்கச் சொன்னார் எங்கள் சார். எப்போதோ எங்கோ நிஜமாக வந்த நிலநடுக்கத்தில் கருவி பதிந்து வைத்த ஆட்டத்தை, கணினியில் இருக்கும் நம் கட்டடத்தின் காலடியில் கொடுத்துப் பார்ப்பது அது.

நான் எடுத்தது எல் சென்ட்ரோ என்ற ஊரில் பதிவான ஆட்டம். 1940 மே 18, கலிபோர்னியா. கல்லூரியில் எல்லோரும் போட்ட ரெக்கார்டு, கையிலேயே இருந்தது.

சார் திரையைப் பார்த்துவிட்டு, “ஏம்மா, அந்த ஊர் மண்ணு எப்படி?” என்றார். எனக்குத் தெரியவில்லை. தேடிப் பார்த்தால் ஆழமான வண்டல். நம் இடமோ சேர்வராயன் மலையின் சார்னோகைட் பாறை. வண்டல் நிதானமான அசைவுகளைப் பெரிதாக்கும். பாறையில் ஆட்டம் படபடவென்று வேகமாக இருக்கும். ஊர் மாறிய ஜாதகத்தை வைத்துப் பொருத்தம் பார்த்த கதைதான்.

நம் நாட்டுப் பதிவு ஏதாவது கிடைக்குமா என்று பார்த்தேன். 1967 டிசம்பர் 11 கொய்னா நிலநடுக்கத்தில், புவியீர்ப்பு முடுக்கத்தில் 60 விழுக்காட்டைத் தாண்டிய ஆட்டம் பதிவாகியிருக்கிறது. ஆனால் கருவி இருந்தது அணைக்குள். வெறும் நிலத்தின் ஆட்டம் என்று அதை எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. 2001 பூஜ் நிலநடுக்கத்துக்கோ, மையத்துக்குப் பக்கத்தில் முழுப் பதிவே இல்லை. கிடைத்தது 200 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, அகமதாபாத்தில் ஒரு கட்டடத்தின் தரைத்தளத்தில். அத்தனை பெரிய ஆட்டம் வந்தும் எழுதி வைக்கப் பக்கத்தில் ஆள் இல்லை என்பது இன்றும் எனக்கு உறுத்தல்தான்.

கடைசியில் பெர்க்லியில் உள்ள பியர் என்ற நிலநடுக்கப் பொறியியல் ஆய்வு மையத்தின் தொகுப்பிலிருந்து, பாறைமேல் கருவி இருந்த ஒரு ஸ்டேஷனின் பதிவை இறக்கினேன். முடிவு பயமுறுத்தியது. எல் சென்ட்ரோவை விட மாடி பல மடங்கு ஆடியது! பாறைக்கு மாறினால் குறைய வேண்டாமா? இரவு பதினொன்று வரை பில்லர்களைப் பருமனாக்கிக்கொண்டே இருந்தேன்.

மறுநாள் காலை, டீ ஆறுவதற்குள், அந்தக் கோப்பை வெறும் நோட்பேடில் திறந்தேன். பியர் கோப்பில் முதல் நான்கு வரிகள் விவரம்: எந்த நிலநடுக்கம், எந்தத் தேதி, எந்த ஸ்டேஷன், எந்தத் திசை, நான்காவது வரியில் எத்தனை எண்கள், எவ்வளவு நேர இடைவெளி. அப்புறம்தான் எண்கள், வரிக்கு ஐந்தாக. மென்பொருள் “எத்தனை வரிகளைத் தவிர்க்க?” என்று கேட்கும். 4 என்று போட்டு, நானும் படிக்காமல் தவிர்த்திருந்தேன். அங்கே இருந்த இடைவெளி 0.005 நொடி. மென்பொருளில் இடைவெளியைக் கேட்கும் பெட்டியில் எல் சென்ட்ரோவின் 0.02 அப்படியே கிடந்தது.

அதாவது 40 நொடி ஆட்டத்தை 160 நொடிக்கு இழுத்துவிட்டேன். பாறையில் 0.1 நொடிக்கு ஒரு முறை வந்த துடிப்பு 0.4 நொடிக்கு ஒரு முறையாக நீண்டது. என் கட்டடம் தானாக ஒரு முறை ஆடி முடிக்க எடுக்கும் இயல்பான ஊசல் காலமும் கிட்டத்தட்ட அதே 0.4 நொடி. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளிவிட்ட மாதிரி! திருத்தியதும் பில்லர்கள் பழைய அளவுக்கு வந்தன. சாரிடம் சொன்னேன். திட்டவில்லை, “கம்பிக்காரன் தப்பிச்சான்” என்றார்.

அந்த வாரமே இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இடத்தைப் பார்க்கப் போனோம். குழி தோண்டியிருந்தார்கள். மேட்டுப் பக்கம் கடப்பாறை போட்டால் கணீரென்றது. பள்ளத்துப் பக்கக் குழியில் செம்மண், உடைந்த செங்கல், ஒரு பழைய சிமென்ட் சாக்கு. யாரோ எப்போதோ மண் கொட்டி மட்டம் பண்ணியிருக்கிறார்கள். பாறைக்கென்று நான் பொறுக்கி எடுத்த ரெக்கார்டு இந்தப் பாதிக்குப் பொருந்தாது. மேஸ்திரியைக் கூப்பிட்டு, இந்தப் பக்கத்து ஃபூட்டிங் (பில்லரின் அஸ்திவாரம்) எல்லாம் பாறை தட்டும் வரை இறங்க வேண்டும் என்றோம். எவ்வளவு ஆழம் என்று கேட்டார். குழியில் இன்னும் அடி தட்டவில்லை.