மூணா எட்டா

ஆகஸ்ட் 31, ஞாயிறு

தார்ப்பாயை இழுத்ததும் பாதி கையோடு வந்தது. மீதி அண்ணன் ஜீப் மேலேயே பொடிப்பொடியாகக் கிடக்கிறது. பதினோரு வருஷம். நாலு டயரும் ரிம்மோடு மண்ணுக்குள் இறங்கியிருக்கின்றன. டிரைவர் சீட்டுப் பஞ்சு முழுக்க எலி பிய்த்துப் போட்டது. பானெட்டைத் தூக்கினால் ஏர் கிளீனர் மேல் குவியலாகப் புளியங்கொட்டை. டேஷ்போர்டில் வீரபாண்டி கௌமாரியம்மன் படம் மட்டும், வெளுத்துப் போனாலும், ஒட்டின இடத்திலேயே இருக்கிறது.

மதினி திண்ணையில் நின்று பார்த்தார். "இப்ப எதுக்குத்தா இது?" என்றார். விளக்குமாறை எடுத்து மரத்தடியைக் கூட்ட ஆரம்பித்தேன்.

செப்டம்பர் 1

அண்ணன் மதுரை ஆஸ்பத்திரியில். அங்கிருந்து போன் வரவில்லை.

செப்டம்பர் 3, புதன்

அண்ணனுக்கு இரண்டாவது கீமோ மருந்து ஏற்றியாயிற்று. சாயங்காலம் அவர் மகன் சின்னவன் பேசினான். அப்பா தூங்குறாரு என்றான். வாந்தி இல்லை என்றான். நான் கேட்பதற்கு முன்னாலேயே சொன்னதுதான் உறுத்துகிறது.

செப்டம்பர் 7, ஞாயிறு

மெக்கானிக் அண்ணன் வந்து பார்த்தார். இந்த வண்டி புதிதாக வந்த 1991லிருந்து இவர் கைதான் பட்டது. அப்போது இவர் பட்டறையில் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் பையன். எம்.எம். 540. பெஜோ இன்ஜின், 2112 சிசி. பிரான்ஸ்காரனிடம் உரிமம் வாங்கி மஹிந்திரா இங்கேயே வார்த்தது. "இந்த இன்ஜின் சத்தம் கேட்டா மேட்டுல எந்த வளைவுல வருதுன்னு சொல்லிருவேன் தங்கச்சி" என்றார். அதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை.

முன்பக்கம் கிராங்க் நட்டில் நீளப் பைப் மாட்டிச் சுற்றிப் பார்த்தார். அசையவில்லை. பிஸ்டன் பிடித்திருக்கிறது. ஹீட்டர் பிளக்கையும் டீசல் பீய்ச்சுகிற நாசிலையும் கழற்றி, டீசலும் இன்ஜின் ஆயிலும் பாதிக்குப் பாதி கலந்து நாலு ஓட்டையிலும் ஊற்றினோம். மூன்றாவது ஹீட்டர் பிளக் முனை கழுத்தோடு ஒடிந்து உள்ளேயே நின்றுவிட்டது. அதை எடுக்கவே அவருக்கு ரெண்டு மணி நேரம்.

போகும்போது சொன்னார்: "பேசாம டி.ஐ. இன்ஜின் ஒண்ணு வாங்கி ஏத்திருவோம். நாலே நாள் வேலை." முடியாது என்றேன். ஆர்.சி. புக்கில் இருக்கிற இன்ஜின் நம்பர்தான் வண்டியில் இருக்கணும். நம்பருக்காக மட்டும் இல்லை. டீசலை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சுகிற டி.ஐ. இன்ஜின் மண்டையில் அடிக்கிற மாதிரி ஓடும். அந்தச் சத்தம் வாசலில் வந்து நின்றால் அது அண்ணன் வண்டி இல்லை.

செப்டம்பர் 10

தினமும் காலையில் நாலு ஓட்டையிலும் கொஞ்சம் கொஞ்சம் ஊற்றுகிறேன். பிறகு கடைக்குப் போய்க் கணக்கு எழுதுகிறேன். விரல் நகத்தில் டீசல் நாத்தம், ஏலக்காய்ச் சாக்குக்குள் கை விட்டாலும் போவதில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

இன்று முழுக்க ஒரே வேலை. சேஸிஸ் நம்பர்.

வலது பக்கச் சேஸிஸ் கட்டையில், சக்கரத்துக்கு மேலே. முதலில் பார்த்தால் நம்பர் இருக்கிற அடையாளமே இல்லை. சேறும் கிரீஸும் இறுகிக் கருங்கல் மாதிரி. மண்ணெண்ணெய் தடவி அரை மணி ஊறவிட்டு, மரக்குச்சியால் சுரண்டினேன். இரும்பால் சுரண்டக் கூடாது. பிறகு பழைய பல் தேய்க்கிற பிரஷ். துரு செதில் செதிலாக வந்தது. ஒவ்வொரு செதிலோடும் எழுத்தும் வந்துவிடுமோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. துணியால் துடைத்து, சாக்பீஸ் பொடியைத் தடவி ஊதினேன். பள்ளத்தில் மட்டும் வெள்ளை நின்றது. ஒவ்வொன்றாகத் தெரிந்தது. வெள்ளைத்தாளை வைத்து, பென்சிலைப் படுக்கப் போட்டு மெதுவாகத் தேய்த்தேன். பதினெட்டுத் தாள் போயிற்று.

கடைசிக்கு முந்தின இலக்கம் மட்டும் பிடிபடவில்லை. அந்த இடத்தில் துரு குழி விழுந்து இடது ஓரம் கரைந்திருக்கிறது. ஒரு தாளில் 3. அடுத்த தாளில் 8.

ஆர்.சி. புக்கை எடுத்தேன். கையால் எழுதின புக். எப்போதோ நனைந்து அதே இடத்தில் மசி பரவியிருக்கிறது. மற்ற எல்லாமும் சரி. டிஎன் 59, மாதம், வருஷம், எல்லாம். அந்த ஒன்று மட்டும் 3ஆ 8ஆ.

செப்டம்பர் 15

எட்டு எம்.எம். ஏலக்காய்க்குப் பில் போட்டேன். 8 என்று எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலாளி ரெண்டு தடவை கூப்பிட்டாராம்.

செப்டம்பர் 21, ஞாயிறு

அசைந்தது!

மெக்கானிக் அண்ணன் பைப்பில் முழு எடையையும் போட்டார். நான் ஃப்ளைவீல் பக்கம் குனிந்திருந்தேன். முதலில் ஒரு முனகல். பல்லைக் கடிக்கிற மாதிரி. பிறகு அரை அங்குலம். பின்னால் தள்ளி, முன்னால் தள்ளி, பின்னால் தள்ளி, ஒரு மணி நேரத்தில் முழுச் சுற்று வந்துவிட்டது. நாசில் ஓட்டைகளிலிருந்து கறுப்புத் தண்ணீர் பீய்ச்சி என் சேலையெல்லாம். துவைக்கப் போவதில்லை.

செப்டம்பர் 24, புதன்

மூன்றாவது மருந்து.

செப்டம்பர் 28, ஞாயிறு

டிங்கர் வந்து தளத்தைத் தட்டிப் பார்த்தார். டிரைவர் கால் வைக்கிற இடம் சுத்தியல் பட்டதும் உள்ளே போய்விட்டது. பாடியையே மாற்றிவிடலாம், பஞ்சாப் பக்கம் டப்வாலியில் புது பாடி செய்து லாரியில் ஏற்றி விடுவார்கள் என்றார். வேண்டாம். கெட்ட இடத்தை மட்டும் வெட்டி 18 கேஜ் தகடு வைத்துப் பற்றவைக்கச் சொன்னேன். பட்டி போட்டு மறைக்கிற வேலை எங்கேயும் கூடாது, பட்டிக்கு அடியில் துரு தின்றுகொண்டே இருக்கும் என்றும் சொல்லிவிட்டேன்.

வலது முன் மட்கார்டைக் காட்டி, "இந்த நசுங்கலை இன்னிக்கே எடுத்துர்றேன்" என்றார்.

அதைத் தொடாதீங்க என்றேன். ஏன் என்று கேட்டார். அண்ணனைக் கேட்கணும்.

செப்டம்பர் 30

அண்ணன் வந்துவிட்டார். போடி ரயிலில், ஜன்னல் ஓரம், குல்லா போட்டுக்கொண்டு. ஸ்டேஷனிலிருந்து ஆட்டோவில் வரும்போது ஊரையே பார்த்துக்கொண்டு வந்தார். வீட்டு வாசலில் இறங்கினதும் புளியமரத்தடியைப் பார்த்தார். கொஞ்ச நேரம் நின்றார். "தண்ணி கொண்டா பாப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

அக்டோபர் 1, ஆயுத பூஜை

பானெட்டுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தேன். ஓடாத வண்டிக்கும் வைக்கலாம். அண்ணன் திண்ணையில் உட்கார்ந்தபடியே, "ஸ்டியரிங்குக்கும் வை" என்றார். இந்த ஒரு வார்த்தை போதும் எனக்கு.

அக்டோபர் 5, ஞாயிறு

அண்ணனைக் கைத்தாங்கலாக மரத்தடிக்குக் கூட்டிப் போனேன். நாற்காலி போட்டேன். நம்பரைப் பற்றிச் சொன்னேன். இருபத்திரண்டு வருஷம் ஓட்டினவர், எத்தனை தடவை எஃப்.சி.க்குப் போயிருப்பார். மனப்பாடமாக இருக்கும் என்று நினைத்தேன்.

"கடைசி ரெண்டு... நாப்பத்தி..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார். பிறகு நாற்காலியிலிருந்து சரிந்து கையை நீட்டி, ஆள்காட்டி விரலால் அந்த இலக்கத்தைத் தடவினார். திரும்பத் தடவினார். கண்ணை மூடிக்கொண்டு ஒரு தடவை.

"தெரியல பாப்பா. விரல் மரத்துக் கெடக்கு. சட்டைப் பட்டனே போட முடியல" என்றார்.

மருந்தால் அப்படி ஆகும் என்று மதுரையில் சொன்னார்களாம். எனக்கு யாரும் சொல்லவில்லை. பேரிங்கைச் சுற்றிவிட்டு விரலில் வாங்குகிற அதிர்வை வைத்தே போய்விட்டதா இல்லையா என்று சொல்லுகிற கை அது.

மட்கார்டைப் பற்றிக் கேட்டேன். "அத விட்ரு."

அக்டோபர் 6

நாற்பத்தி என்றால் 4 வரணும். அங்கே 4 இல்லை. 3ஆ 8ஆ என்பதுதான் கேள்வி. எந்த வண்டி நம்பரோ ஞாபகம் வந்திருக்கும். அல்லது நான் படித்ததே தப்பா?

அக்டோபர் 7

காலையில் எழுந்ததும் டார்ச் அடித்துப் பார்த்தேன். 4 இல்லவே இல்லை.

அக்டோபர் 9

டீசல் பம்ப்பும் நாசிலும் தேனியில் சரிபார்த்து வந்துவிட்டன. டாங்க்கைக் கழற்றிச் சரளைக்கல்லும் டீசலும் போட்டு, சின்னவனும் நானும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக் குலுக்கினோம். ஐந்தாவது தடவைதான் தெளிவாக வந்தது. ரேடியேட்டரில் மூன்று ஓட்டை, பற்றவைத்தாயிற்று.

அக்டோபர் 12, ஞாயிறு

ஓடுகிறது.

ஃபில்டரில் ஏர் ஸ்குரூவைத் தளர்த்தி, கைப் பம்ப்பை அடித்து அடித்து நுரை நிற்கிற வரை காற்றை எடுத்தோம். பிறகு நாசில் பைப்புகள் ஒவ்வொன்றாக. புது பேட்டரி. சாவியை ஹீட்டரில் பிடித்து இருபது எண்ணினேன். ஒன்றும் இல்லை. திரும்ப இருபது. ஒரு சிலிண்டர் மட்டும் அடித்து வெள்ளைப் புகை தெரு முழுக்க. மூன்றாவது தடவை முப்பது எண்ணினேன். ரெண்டு, மூன்று, பிறகு நாலும் சேர்ந்துகொண்டன. வண்டி முழுக்க ஒரு குலுங்கு குலுங்கி நின்ற இடத்திலேயே பாட ஆரம்பித்தது.

அதிகாலை ஐந்தரைக்கு இந்தச் சத்தம் கேட்டுத்தான் நான் பள்ளிக்கூடக் காலமெல்லாம் எழுந்தேன். தலையில் துண்டு கட்டிக்கொண்டு, தூக்குவாளியோடு, பூப்பாறைக்குக் காய் பறிக்கப் போகிற அக்காமார் ஒவ்வொருவராக ஏறுவார்கள். பின்னால் எத்தனை பேர் உட்கார முடியுமோ அதைப் போல ரெண்டு பங்கு. அதைப் பற்றி இன்று எழுதவில்லை.

அண்ணன் வெளியே வரவில்லை. உள்ளே போய்ப் பார்த்தேன். கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார். "டாப்பெட் சத்தம் கேக்குது, ரெண்டாவதுல" என்றார். மெக்கானிக் அண்ணன் வால்வு கவர் கழற்றி இடைவெளியை அளந்தார். ரெண்டாவது சிலிண்டர்தான்.

அக்டோபர் 15, புதன்

நான்காவது. நானும் கூடப் போனேன். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் அண்ணனிடம் என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டார். "டிரைவர். ஓட்டிக்கிட்டு இருக்கேன்" என்றார்.

அக்டோபர் 18

ராத்திரி பூராவும் மழை. எழுந்து எழுந்து போய் டார்ச் அடித்துப் பார்த்தேன். புதுத் தார்ப்பாய் தாங்குகிறது. நம்பர் இருக்கிற இடத்தில் கிரீஸ் பூசி வைத்திருக்கிறேன்.

அக்டோபர் 20, தீபாவளி

இட்லி ஒன்றரை சாப்பிட்டார்.

அக்டோபர் 26, ஞாயிறு

பிரேக். நாலு சக்கரத்திலும் டிரம். டிரம்மே கழலவில்லை, சுற்றிலும் தட்டித் தட்டித்தான் எடுத்தோம். வீல் சிலிண்டர் நாலும் இறுகிவிட்டன. மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது. கிட் மட்டும் மாற்றினால் செலவு குறையும் என்றார். சிலிண்டர் உள்சுவரில் நகத்தை விட்டுப் பார்த்தேன், குழி தட்டுகிறது. புது ரப்பர் போட்டாலும் அந்தக் குழியில் ஆயில் கசியும். எல்லாமே புதுசு வாங்கச் சொன்னேன். பைப்பும் புதுசு. என் வளையல் ஒன்று போயிற்று. பிரேக்கில் மட்டும் நான் யார் சொல்வதையும் கேட்கமாட்டேன். பிரேக்கில் மட்டும்.

அக்டோபர் 29

ஆர்.டி.ஓ. ஆபீஸில் போய்க் கேட்டேன். வண்டி கம்ப்யூட்டரிலேயே ஏறவில்லை. அப்போது தேனி தனி மாவட்டம் இல்லையே, பழைய ரெஜிஸ்டர் மதுரையில்தான் இருக்கணும் என்றார்கள். அதைப் பார்த்து ஏற்றினால்தான் அடுத்த வேலை. இருபது வருஷம் தாண்டின வண்டிக்குப் புதுப்பிக்கிற கட்டணம் 5,000 இருந்தது 10,000 ஆகிவிட்டது. அபராதம் தனி. கொடுக்கிறேன். 3 என்று யாராவது சொல்லட்டும், 8 என்று சொல்லட்டும், கொடுக்கிறேன்.

வெளியே ஒருவர் வந்து, அந்த ஒரு நம்பரை மட்டும் பஞ்ச் வைத்துத் தட்டிவிட்டால் முடிந்தது என்றார். ஆயிரம் ரூபாயாம். கை நடுங்கியது எனக்கு. வண்டியின் உயிர் அது. ஆபீஸ் உத்தரவு இல்லாமல் அதில் உளி வைக்க நான் யார்?

நவம்பர் 2, ஞாயிறு

பேப்பர் சரியாகாத வண்டியை ரோட்டில் ஏற்றக் கூடாது. அதனால் தெரிந்தவர் தென்னந்தோப்புக்குள், முந்தல் பக்கம், டிராக்டரில் கட்டி இழுத்துப் போய் ஓட்டிப் பார்த்தோம். நான்தான் ஓட்டினேன். அண்ணன் இடது சீட்டில், போர்வை போர்த்திக்கொண்டு. இங்கிருந்து பார்த்தால் போடிமெட்டு ரோடு வளைந்து வளைந்து மேகத்துக்குள் போகிறது. அண்ணன் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

வாய்க்கால் மேட்டில் ஃபோர் வீல் லிவரைப் போட்டு, லோவுக்குத் தள்ளச் சொன்னார். "கிளட்சையும் பிரேக்கையும் விட்ரு. இன்ஜினே பிடிச்சிக்கிட்டு இறக்கும். பயந்து மிதிச்சேன்னா சறுக்கும்." விட்டேன். ஆள் நடக்கிற வேகத்தில் வண்டி தானாக இறங்கியது. இறங்கி முடிகிற வரை அவர் கை டேஷ்போர்டுக் கம்பியைப் பிடித்திருந்தது.

சமதரையில் கொஞ்சம் வேகம் எடுத்ததும் ஸ்டியரிங் வெடவெடவென்று ஆட ஆரம்பித்தது, கையை உதறுகிற அளவுக்கு. நிறுத்தினேன். "கிங்பின்" என்றார், முன் சக்கரம் திரும்புகிற அச்சு. பிறகு மெதுவாக, "அன்னைக்கும் கிங்பின்தான். நான்தான் அடுத்த வாரம் பாத்துக்கலாம்னு சொன்னேன்."

அதற்கு மேல் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

நவம்பர் 5, புதன்

வெள்ளை அணு குறைவாக இருக்கிறதாம். ஐந்தாவதைப் பன்னிரண்டாம் தேதிக்குத் தள்ளி வைத்துவிட்டார்கள். திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

நவம்பர் 6

தூக்கம் இல்லை. 3 என்றால் மேல் வளைவு இடது பக்கம் திறந்திருக்கணும். நான் திறந்திருப்பதாக நினைக்கிற இடம் துருவால் மூடினதா, துருவால் திறந்ததா?

நவம்பர் 9, ஞாயிறு

கிங்பின் பேரிங் மேலே கீழே நாலும் புதுசு. சுற்றுப்பாதையில் உருளைகள் பதிந்த தழும்பு வரிசையாக இருந்தது. மெக்கானிக் அண்ணன் அதைத் துடைத்துத் தூக்கிப் போடப் போனார். நான் வாங்கி வைத்துக்கொண்டேன். ஷிம் தகடு ஒன்று ஒன்றாக எடுத்து, முன் சக்கரத்தைத் திருப்புகிறபோது கொஞ்சம் இறுக்கமாக வருகிற மாதிரி வைத்தார். ஸ்பிரிங் தராசை மாட்டி இழுத்துப் பார்த்தார். ரெண்டு பக்கமும் ஒரே அளவு.

அண்ணன் திண்ணையிலிருந்து முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலை முடிந்ததும் எழுந்து வந்து மட்கார்டின் நசுங்கல் மேல் உள்ளங்கையை வைத்தார். "டிங்கரை வரச் சொல்லு" என்றார்.

நவம்பர் 11, செவ்வாய்

நாளை மதுரை. இந்தத் தடவை எத்தனை நாள் என்று சொல்லவில்லை. துணி நாலு செட் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறார் மதினி. பழைய ரெஜிஸ்டர் இருக்கிற ஆபீஸ் ஆஸ்பத்திரியிலிருந்து எவ்வளவு தூரம் என்று சின்னவன் பார்த்து வைத்திருக்கிறான். பென்சில் தாள்கள் எல்லாம் பையில்.

பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டேன். ஹேண்ட் பிரேக் போடவில்லை, போட்டு வைத்தால் ஷூ ஒட்டிக்கொள்ளும். நாலு சக்கரத்துக்கும் கட்டை கொடுத்திருக்கிறேன்.