பிரஷர் மாத்திரையும் வறட்டு இருமலும்

மருத்துவர் அறையில் அளந்தபோது என் ரத்த அழுத்தம் 154/96. டாக்டரைப் பார்த்தாலே சிலருக்கு அளவு ஏறிவிடும் என்பதால், அவர் உடனே மாத்திரை எழுதாமல் 24 மணி நேரம் அளக்கும் கருவியை இடுப்பில் மாட்டி அனுப்பினார். கையில் சுற்றிய பட்டை அரை மணிக்கொரு தடவை தானாக இறுகும், அந்த நேரம் கையை அசைக்காமல் வைத்திருக்க வேண்டும், அசைத்தால் மறுபடி இறுகும். அன்றைய தூக்கம் அரைகுறைதான். ஆனாலும் இரவுக் கணக்கு இதில்தான் கிடைக்கிறது. தூங்கும்போது அழுத்தம் பகலைவிட 10 முதல் 20 சதவீதம் இறங்க வேண்டுமாம். எனக்கு அவ்வளவு இறங்கவில்லை, மொத்தச் சராசரியும் 130/80ஐத் தாண்டியிருந்தது.

சரி, டென்ஷனைக் குறைத்தால் போதாதா என்று கேட்டேன், எல்லோரும் அதைத்தானே சொல்கிறார்கள். கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன, நாம் சட்டென்று எழும்போது தலை சுற்றாமல் நொடியில் சரிசெய்வது அவைதான், ஆனால் அழுத்தம் நீண்ட நாள் உயர்ந்தே இருந்தால் அந்த உயரத்தையே இயல்பென்று எடுத்துக்கொண்டு அடங்கிவிடும் என்றார். நீண்டகாலக் கணக்கு சிறுநீரகத்திடம். ரத்த ஓட்டம் குறைவதாக அதற்குத் தோன்றினால் ரெனின் என்ற நொதியைச் சுரக்கும். கல்லீரல் தரும் ஒரு புரதத்தை ரெனின் வெட்ட, வெட்டிய துண்டை முக்கியமாக நுரையீரலில் உள்ள ஏசிஇ என்ற நொதி ஆஞ்சியோடென்சின் 2 ஆக்குகிறது. அது ரத்தக்குழாய்களைச் சுருக்கும், அட்ரினல் சுரப்பியைத் தூண்டி ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனைச் சுரக்கவைத்து உப்பையும் நீரையும் உடம்பிலேயே பிடித்துவைக்கும்.

ரத்தத்தில் பொட்டாசியம், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின், சிறுநீரில் புரதம் எல்லாம் பார்த்தார்கள், ஒன்றிலும் கோளாறில்லை. பெரும்பாலானோருக்கு இப்படித்தானாம்: பரம்பரை, வயது, உப்பு, எடை என்று பலதும் சேர்ந்து ஏற்றிவிடுகின்றன, இதுதான் காரணம் என்று ஒன்றைக் காட்ட முடியாது. எனக்கு அது கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது.

முதலில் தந்த மாத்திரை எனலாப்ரில். அழுத்தம் இறங்கியது, கூடவே ஓயாத வறட்டு இருமலும் வந்தது. சளி இல்லை, காய்ச்சல் இல்லை, படுத்தால் தொண்டை அரிக்கும். இருமல் மருந்து குடித்தும் அசையவில்லை. அந்த மாத்திரை அடைப்பது மேலே சொன்ன அதே ஏசிஇ நொதியை, பிராடிகினின் என்ற பொருளைச் சிதைப்பதும் அதே நொதிதான், அது சிதையாமல் சேர்ந்தால் இருமல் வரும் என்று அப்புறம்தான் தெரிந்தது. மாத்திரையை நானாக நிறுத்தாமல் போய்ச் சொன்னேன். டெல்மிசார்டனுக்கு மாற்றினார். இது நொதியைத் தொடாமல், ஆஞ்சியோடென்சின் 2 போய் ஒட்டும் இடத்தை மறிக்கிறது. இருமல் உடனே போகவில்லை, மெல்ல மெல்லத்தான் விட்டது.

இந்த வகை மாத்திரைகளால் பொட்டாசியம் கூடலாம் என்பதால் கொஞ்ச நாளில் மறுபடி ரத்தம் எடுத்தார்கள். சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் கலந்த உப்பு வாங்கலாமா என்று கேட்டேன், இந்த மாத்திரையோடு அது வேண்டவே வேண்டாம், இருக்கிற உப்பையே குறையுங்கள் என்றார்.