நுண்துளைப் பீங்கானை அழுத்தி உடைத்த அனுபவம்

எலும்பில் விழுந்த குழியை நிரப்ப வைக்கிற பீங்கானில் துளை இருந்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் ரத்தக்குழாயும் புது எலும்பும் உள்ளே நுழைய வழி கிடையாது. ஆனால் துளை கூடக் கூட வலிமை சரியும். முதுகலை ப்ராஜெக்டில் எனக்கு வந்தது ஹைட்ராக்ஸிஅபடைட் (எலும்பிலுள்ள கனிமத்தைப் போன்ற கால்சியம் பாஸ்பேட் பீங்கான்), ஸ்பாஞ்ச் முறை. 1963இலேயே காப்புரிமை வாங்கிய பழைய முறைதான், உருகிய உலோகத்தை வடிகட்டும் பீங்கான் ஃபில்டர்களையும் இப்படித்தான் செய்கிறார்கள்.

பாலியூரிதேன் ஸ்பாஞ்சை வெட்டி, பவுடர் கரைசலில் முக்கி, பிழிந்து, காயவைத்து, ஃபர்னஸில் வைத்தால் ஸ்பாஞ்ச் எரிந்துபோய்க் கூடு மட்டும் நிற்கும். கேட்கச் சுலபம். குறைவாகப் பிழிந்தால் துளை அடைபடும், இறுக்கிப் பிழிந்தால் கூட்டின் கம்பிகள் (துளைகளுக்கு நடுவே நிற்கும் மெல்லிய பீங்கான் இழைகள்) மெலிந்துவிடும். ஸ்பாஞ்ச் எரிகிற 600 டிகிரி வரைக்கும் நிமிடத்துக்கு 1 டிகிரிதான் ஏற்றினேன். அவசரப்பட்டால் வாயு வெளியேறும் வேகத்திலேயே கூடு விரிசல் விடும். அப்புறம் 1250 வரை போய் சின்டரிங், அதாவது பவுடர் துகள்கள் உருகாமலே ஒன்றோடொன்று ஒட்டி இறுகுவது.

உடைந்த துண்டை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. ஒவ்வொரு கம்பியின் நடுவிலும் ஒரு முக்கோண ஓட்டை, ஸ்பாஞ்ச் இருந்த இடம். அதன் கூர்மையான மூலைகளில் பூச்சு மெல்லிசு, விரிசல் கிளம்புவதும் அங்கேதான். நீர்த்த கரைசலில் இரண்டாம் முறை முக்கி எடுத்ததும் வலிமை நன்றாகவே ஏறியது, துளை கொஞ்சம் போனது.

அழுத்தச் சோதனை தனி ரோதனை. மேலும் கீழும் முகம் சமமாக இல்லாததால் நீட்டிக்கொண்டிருக்கும் நாலைந்து கம்பிகள் மட்டும் முதலில் பாரம் தாங்கி, முறுக்கு மாதிரி மொறுமொறுவென்று நொறுங்கும், கிராஃப் ரம்பப் பல்லாக வரும். இரண்டு முகத்திலும் எபாக்ஸி மெல்லிசாகப் பூசிச் சமப்படுத்திய பிறகுதான் நம்பக்கூடிய எண் கிடைத்தது. ஒற்றைப் பூச்சு போட்டவை பெரும்பாலும் 1 மெகாபாஸ்கலை (வலிமையை அளக்கும் அலகு) தாண்டவில்லை. எலும்பின் உள்ளே இருக்கும் பஞ்சுப் பகுதிக்கு 2 முதல் 12 வரை சொல்கிறார்கள், வெளி எலும்புக்கு 100க்கும் மேல், அந்தப் பக்கம் போகவே முடியாது. பாரத்தைத் தாங்கத் தகடும் ஸ்க்ரூவும் வேண்டும்.

என்னைக் கேட்டால், கட்டுரைகளில் சராசரியை மட்டும் பார்க்காதீர்கள். ஒரே ஃபர்னஸில் ஒரே நாளில் வெந்த இரண்டு துண்டுகளே இரண்டு மடங்கு வித்தியாசம் காட்டும், அதனால்தான் வெய்புல் கணக்குக்கு (வலிமை துண்டுக்குத் துண்டு எவ்வளவு சிதறுகிறது என்று பார்க்கும் புள்ளியியல் முறை) குறைந்தது 30 துண்டாவது கேட்கிறார்கள். கைடு கடைசியில் சில துண்டுகளை உடல்திரவம் போன்ற கரைசலில் ஊறவைத்து அழுத்தச் சொன்னார், வலிமை இன்னும் குறைந்தது. உலர்ந்தது, நனைந்தது என்று இரண்டு எண்ணையும் பக்கத்துப் பக்கத்தில் போட்டேன், வைவாவில் பாதி நேரம் அந்த அட்டவணையிலேயே ஓடியது.