எடை குறைப்பு அறுவை சிகிச்சை: தேதி குறிக்கும் முன் தட்டைப் பாருங்கள்

2022-ல் வந்த சர்வதேச வழிகாட்டுதல்படி, ஆசியர்களுக்கு பிஎம்ஐ (உயரத்தோடு ஒப்பிட்ட எடையின் அளவு) 27.5 தாண்டினாலே இந்த அறுவை சிகிச்சையை யோசிக்கலாம். அதற்காக 28 ஆனதும் ஓட வேண்டியதில்லை. சர்க்கரை கட்டுக்குள் வராமலோ, தூக்கத்தில் மூச்சுத் தடைபட்டாலோ கணக்கு மாறும்.

ஸ்லீவ் முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுவார்கள். திரும்ப ஒட்ட முடியாது. கடுமையான நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு அது இன்னும் கூடலாம், அவர்கள் இரைப்பை பைபாஸ் (இரைப்பையின் பெரும்பகுதியைச் சாப்பாடு தாண்டிப் போகும்படி மாற்றும் முறை) பற்றிக் கேட்பது நல்லது.

நம் வீட்டுச் சாப்பாட்டில் சிக்கல் புரதம்தான். தினமும் குறைந்தது 60 கிராம் வேண்டும். ஒரு இட்லியில் சுமார் 2 கிராம், ஒரு முட்டையில் 6. புது வயிறோ ஒரு சின்னக் கிண்ணத்தில் நிரம்பிவிடும். அதனால் முட்டை, மீன், பன்னீர், கெட்டிப் பருப்பு முதலில். சோறு கடைசியில், இடம் இருந்தால். குழைந்த சோறும் மெல்லாத தோசையும் நெஞ்சில் அடைத்துக்கொண்டு வாந்தி வரும். சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது, அரை மணி நேரம் கழித்துத்தான். (ரசத்துக்கும் சேர்த்துத்தான்!)

பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி ஆயுசுக்கும் தொடரும். இரும்பையும் கால்சியத்தையும் இரண்டு மணி நேரம் இடைவெளி விட்டுப் போடுங்கள். வாந்தி நாள்கணக்கில் நிற்காவிட்டால் வைட்டமின் பி1 குறைந்து நரம்பு பாதிக்கும். உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

இந்தப் பழக்கங்களை இரண்டு மாதம் முன்பே தொடங்கிப் பாருங்கள். இனிப்புக் காபியை விட முடியவில்லை என்றால், அதை மருத்துவரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.